வால்வில்லா இன்ஜினும் கிரைண்டர் பிடித்த கைகளும்

1978ல் மாஸ்டா விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்எக்ஸ்-7 காரில் ஒரு சின்ன பஸர் இருந்தது. இன்ஜினின் சுற்று நிமிடத்துக்கு 7,000ஐ நெருங்கினால் அது கத்தும். மற்ற கார்களுக்கு அப்படி ஒன்று தேவைப்படவில்லை. அவற்றில் அந்த வேகத்தைத் தொடுவதற்கு முன்பே இன்ஜின் முனகும், ஸ்டியரிங் நடுங்கும், ஓட்டுகிறவரின் கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடும். ஆர்எக்ஸ்-7ல் அந்த அறிகுறி எதுவும் தெரியாது. மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் பிஸ்டன் அதில் கிடையாது. முக்கோணம் போன்ற இரண்டு ரோட்டர்கள் ஒரே திசையில் சுழன்றுகொண்டே இருக்கும். இன்னும் கொஞ்சம் மிதித்தால் இன்னும் கொஞ்சம் போகும் என்றே ஓட்டுகிறவருக்குத் தோன்றும்.

அப்படித் தோன்றியதை நம்பித்தான் ஒரு தொழிலே பிறந்தது.

இன்ஜினின் முன்கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. ஃபெலிக்ஸ் வாங்கெலின் யோசனையை வைத்து என்எஸ்யூ நிறுவனம் செய்த முதல் மாதிரி 1957 பிப்ரவரியில் ஓடியது. 1961ல் அந்த உரிமத்தை ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ வாங்கியது. மாஸ்டா என்பது அதன் கார்களின் பெயர். வாங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் காற்றுக் கசியாமல் அடைத்து நிற்கும் ஏபெக்ஸ் சீல்கள், ஓட ஓட, ஹவுசிங்கின் உட்சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டன. பொறியாளர்கள் அதற்குச் சூட்டிய பெயர் ‘பேயின் நகக்கீறல்’. கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு அதோடு மல்லுக்கட்டியது. கடைசியில் அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல் கைகொடுத்தது. 1967 மே மாதம் அந்த இன்ஜினோடு காஸ்மோ ஸ்போர்ட் கார் சாலைக்கு வந்தது. அதே ஆண்டு என்எஸ்யூ கொண்டுவந்த ஆர்ஓ 80 கார், சீல் தேய்ந்து தேய்ந்து வாரண்டிச் செலவிலேயே கம்பெனியை மூழ்கடித்தது.

இந்த இன்ஜினைத் திருத்தும் தொழில் எப்படிப் பரவியது என்று புரிய வேண்டுமானால், அதில் இல்லாத ஒரு பொருளைப் பார்க்க வேண்டும். அதில் வால்வு இல்லை. வால்வு இல்லாததால் கேம் ஷாஃப்டும் இல்லை. சாதாரண இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் எப்போது உள்ளே வர வேண்டும், எவ்வளவு நேரம் வர வேண்டும் என்பதைக் கேம் ஷாஃப்ட் தீர்மானிக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் புதிதாக ஒன்றைக் கடைந்தெடுக்க வேண்டும்; அது பெரிய லேத், நுட்பமான கணக்கு, கணிசமான பணம் எல்லாம் கேட்கும் வேலை. ரோட்டரி இன்ஜினிலோ சுவரில் ஒரு துளை மட்டுமே இருக்கிறது. ரோட்டர் அதன் மேல் நகரும்போது துளை மூடுகிறது, தாண்டிப் போனதும் திறக்கிறது. துளையின் வடிவத்தை மாற்றினால் இன்ஜினின் குணமே மாறிவிடும். கையில் ஒரு கிரைண்டரும், நடுங்காத விரலும், பொறுமையும் இருந்தால் போதும்.

அந்தத் துளை எங்கே இருக்க வேண்டும் என்பதில் தொடக்கத்திலேயே இரண்டு கட்சிகள் இருந்தன. ரோட்டரைச் சுற்றிவரும் வளைசுவரில் நேராக வைத்தது என்எஸ்யூ. அதனால் அதிவேகத்தில் நன்றாக மூச்சு வாங்கும். மெதுவாக ஓடும்போது திணறும். சாலைக் காருக்கு அது ஆகாது என்று நினைத்த மாஸ்டா, பக்கவாட்டுத் தகடுகளில் துளை வைத்தது. ஆனால் மாஸ்டாவே பந்தயம் என்று வந்தபோது மனதை மாற்றிக்கொண்டது. 1968 ஆகஸ்டில் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரம் ஓடும் மாரத்தான் த லா ரூட் பந்தயத்துக்கு இரண்டு காஸ்மோக்களை அனுப்பியபோது, அவற்றின் இன்ஜினில் இரண்டு வகைத் துளைகளும் இருந்தன. சுற்று ஏறும்போது பக்கத்துளையிலிருந்து வளைசுவர்த் துளைக்கு மாறும்படி ஏற்பாடு. ஒரு கார் கிட்டத்தட்ட முடிவை எட்டும் நேரத்தில் நின்றுபோனது. மற்றது நான்காவதாக வந்தது. பின்னாளில் தனியார் பட்டறைகள் செய்யப்போகிற வேலைக்கு வழிகாட்டியது கம்பெனியேதான்.

அந்தப் பட்டறைகளில் பெயர் நிலைத்தது கலிஃபோர்னியாவின் ரேசிங் பீட். தகாயுகி ஓகு, ஜிம் மெடரர் என்ற இருவர் 1971ல் தொடங்கியது. ஆர்100, ஆர்எக்ஸ்-2 போன்ற மாஸ்டாக்கள் அப்போதுதான் அமெரிக்காவில் இறங்கிக்கொண்டிருந்தன. இந்த இன்ஜினைத் திறந்து பார்த்த மெக்கானிக்கே ஊரில் அபூர்வம். பாகங்கள் செய்து விற்றதோடு அவர்கள் நிற்கவில்லை. துளையை எதுவரை பெரிதாக்கலாம் என்று காட்டும் டெம்ப்ளேட் தகடுகளையும் விற்றார்கள். வேலை தெரிந்தவன் தன் வித்தையைத் தகடாக வெட்டி விலைக்குக் கொடுத்துவிட்டான் என்றால், தூரத்து ஊரில் காரேஜில் நிற்கிறவனும் அதை வைத்துக் கோடு போடலாம். ரோட்டரித் தொழில் பெரிய நகரங்களைத் தாண்டிப் பரவியதற்கு இந்தத் தகடுகளுக்கும் பங்கு உண்டு.

அந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இன்ஜினின் உடல் ஐந்து அடுக்கு: மூன்று வார்ப்பிரும்புத் தகடுகள், அவற்றுக்கு நடுவே இரண்டு அலுமினிய ஹவுசிங்குகள். நீளமான போல்ட்டுகளைக் கழற்றினால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். தகட்டை மேசையில் படுக்கவைத்து, துளையைச் சுற்றி நீல மை பூசுவார்கள். மை காய்ந்ததும் டெம்ப்ளேட்டை வைத்துக் கூர்முனையால் கீறினால், நீலத்தின் நடுவே இரும்பின் வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கோடுவரை மட்டும் கிரைண்டர் போகலாம். துளையின் மேல்விளிம்பை உயர்த்தினால் அது மூடும் நேரம் தள்ளிப்போய், அதிவேகத்தில் காற்று கூடுதலாக நுழையும். உட்பக்கம் அதிகம் போனால் ஆயில் சீலின் பாதை வெட்டுப்படும். வெளிப்பக்கம் அதிகம் போனால் ரோட்டரின் மூலையில் இருக்கும் கார்னர் சீல் துளைக்குள் தடுக்கி விழும். விழுந்தால் இன்ஜின் அவ்வளவுதான். இந்த எல்லைக்குள் நின்று செய்வதுதான் ‘ஸ்ட்ரீட் போர்ட்’. சாலையில் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நிறுத்தாதவர்கள் துளைக்கு வெளியே புருவம்போல இன்னொரு பிளவு வெட்டினார்கள். கார்னர் சீல் விழாமல் கடந்துபோக, இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இரும்புப் பாலத்தை விட்டுவைப்பார்கள். ‘பிரிட்ஜ் போர்ட்’ என்ற பெயர் அதனால் வந்தது. அப்படி வெட்டிய இன்ஜின் நின்ற இடத்தில் சீராக ஓடாது, ‘பிராப்... பிராப்... பிராப்...’ என்று விட்டுவிட்டு இருமும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அந்த இருமலைக் கேட்கவே கூட்டம் கூடும். அதற்கும் அடுத்த படியில் பக்கத்துளைகளை அடைத்துவிட்டு, வளைசுவரிலேயே ஓட்டை போட்டுக் குழாய் சொருகுவார்கள். என்எஸ்யூவின் பழைய ஏற்பாட்டுக்கே திரும்பிப் போவதுதான் அது, பந்தயத்துக்காக.

ஆனால் முதல்முறை கார் வாங்கியவர் யாரும் இன்ஜினைப் பிரித்துத் தொடங்கவில்லை. அவர் கை வைத்தது சைலன்சரில்.

காரணம் அமெரிக்கச் சட்டம். ரோட்டரி இன்ஜினின் எரிஅறை நீண்டு ஒடுங்கியது. பெட்ரோல் முழுக்க எரியாது, எரியாத மிச்சம் புகையோடு வெளியேறும். அதைக் கட்டுப்படுத்த மாஸ்டா ‘தெர்மல் ரியாக்டர்’ என்ற கனத்த இரும்புப் பெட்டியை இன்ஜினோடு ஒட்டிப் பொருத்தியது. ஒரு பம்ப் அதற்குள் காற்றை ஊத, மிச்சப் பெட்ரோல் அங்கேயே எரிந்து தீரும். இதை வைத்துத்தான் ஹோண்டாவை அடுத்து, 1973ல் அமெரிக்காவின் கடுமையான புகை விதிகளை மாஸ்டா தாண்டியது. ஆனால் பெட்டி எரிய வேண்டுமானால் கலவையில் பெட்ரோல் தாராளமாக இருக்க வேண்டும். அதே ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தது. கேலனுக்குப் பத்துப் பதினோரு மைல் ஓடும் கார் என்று அரசாங்கமே பட்டியல் போட்டதும் விற்பனை படுத்தது. சுமிடோமோ வங்கி கைதூக்கிவிட்டிராவிட்டால் கம்பெனியே எழுந்திருக்காது. எரிபொருள் செலவைக் குறைக்கப் பொறியாளர்கள் மீண்டும் உட்கார்ந்தார்கள். அந்த உழைப்பின் பலன்தான் 1978ன் ஆர்எக்ஸ்-7.

முதல் அமெரிக்க ஆர்எக்ஸ்-7களிலும் அந்த ரியாக்டர் இருந்தது. 1981 மாடலிலிருந்து கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. ரியாக்டரோ கன்வெர்ட்டரோ, பந்தயத்துக்குத் தயார் செய்தவர்கள் முதலில் தூக்கி எறிந்தது அதைத்தான். அதன் இடத்தில் இரண்டு ரோட்டர்களுக்கும் தனித்தனியாக நீளமான குழாய் இழுத்தார்கள். ரோட்டரியின் புகைத்துளை வால்வுபோல மெல்லத் திறப்பதில்லை. சட்டென்று திறக்கும், வாயு வெடிபோல வெளியே பாயும், சூடும் மிக அதிகம். சாதாரண சைலன்சரைப் போட்டால் உள்ளே இருக்கும் நார்ப் பொதி எரிந்து பறந்துவிடும். ஆகவே தடித்த இரும்பில் தனி சைலன்சர்கள் தேவைப்பட்டன. அது தனி வியாபாரமாகவே வளர்ந்தது. பொதுச் சாலையில் ஓடும் காருக்கு இந்த மாற்றம் கலிஃபோர்னியாவில் சட்டவிரோதம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆர்வலர்களின் எழுத்தில் ரியாக்டர் எப்போதும் வில்லன். அது சற்று அநியாயம். அந்த இரும்புப் பெட்டி இல்லையென்றால் திருத்துவதற்குக் காரே அமெரிக்காவில் இறங்கியிருக்காது.

சைலன்சருக்கு அடுத்து கார்ப்பரேட்டர். முதல் ஆர்எக்ஸ்-7ல் இருந்த 12ஏ இன்ஜின் 1,146 சிசி. அமெரிக்காவில் 100 குதிரைத்திறன். நான்கு வாய் கொண்ட நிக்கி கார்ப்பரேட்டர், அதைச் சுற்றிப் பாம்புப் புற்றுபோலச் சிக்கிக் கிடக்கும் புகைக்கட்டுப்பாட்டு ரப்பர்க் குழாய்கள். அவற்றைப் பிடுங்கிவிட்டு அமெரிக்கர்கள் ஹாலியை வைத்தார்கள். ஆஸ்திரேலியர்களுக்கும் நியூசிலாந்துக்காரர்களுக்கும் வெபர் 48 என்றால் உயிர்.

ஆயில் பற்றிய குழப்பம் தனிக்கதை. ஏபெக்ஸ் சீல் உராயாமலிருக்க, கொஞ்சம் ஆயிலை எரிஅறைக்குள்ளேயே செலுத்தும் பம்ப் இந்த இன்ஜினில் உண்டு. அதனால் ஆயில் குறைந்துகொண்டே வருவது கோளாறு அல்ல, அமைப்பே அப்படி. புரியாத உரிமையாளர்கள் பதறினார்கள். பந்தயக்காரர்களோ அந்தப் பம்பையே நம்பாமல், நேரடியாக டேங்கில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தார்கள். பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டாத பழக்கம். கம்பெனியின் சில சிக்கனங்களையும் அவர்கள் திருத்தினார்கள். தொடக்கத்தில் ரேடியேட்டர் பக்கம் காற்றில் குளிர்ந்த ஆயில் கூலரை, 1983 வாக்கில் 12ஏ கார்களில் எடுத்துவிட்டு, தண்ணீரால் குளிரும் சின்ன உருண்டை ஒன்றை ஆயில் ஃபில்டருக்கு அருகே வைத்தது மாஸ்டா. கடுமையாக ஓட்டியவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பழைய முன்பக்கக் கூலரையே தேடிப்பிடித்து மாட்டினார்கள். குதிரைத்திறனில் ஒன்றுகூடக் கூட்டாத மாற்றம் அது. இருந்தும் விவரம் தெரிந்தவர்கள் முதலில் செய்தது அதைத்தான்.

பந்தயத்தடம் இந்தத் தொழிலுக்கு விளம்பரமாக அமைந்தது. ஏற்கெனவே 1971 டிசம்பரில் ஃபூஜியில் ஆர்எக்ஸ்-3, ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஐம்பதாவது வெற்றியைப் பறித்திருந்தது. 1979 டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஜிடியூ பிரிவின் முதலிரண்டு இடமும் ஆர்எக்ஸ்-7களுக்கு. 1981ல் டாம் வாக்கின்ஷாவும் பியர் டியுடோனேயும் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரத்தையே வென்றார்கள். ஆஸ்திரேலியாவில் ஆலன் மொஃபட் முதலில் அதிகாரிகளோடு மோத வேண்டியிருந்தது. இது ஸ்போர்ட்ஸ் கார், டூரிங் கார் பந்தயத்துக்கு எப்படி விடுவது என்ற வாதம். விட்டார்கள், 1983ல் அவர் சாம்பியன். கார் விலை அமெரிக்காவில் ஏழாயிரம் டாலருக்குள்ளேயே தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை தடத்தில் பார்த்த காரைச் சம்பளக்காரர் திங்கட்கிழமை வாங்க முடிந்தது. முதல் தலைமுறையில் மட்டும் 4,71,018 கார்கள் உற்பத்தியாயின. ரேசிங் பீட் 1986ல் இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 ஒன்றை பான்வில் உப்புச் சமவெளியில் மணிக்கு 238 மைல் வேகத்துக்கு ஓட்டிக் காட்டியது.

ஜப்பானில் இதே வேலை வேறு முகம் காட்டியது. அங்கே இசாமி அமெமியா என்ற தெருப் பந்தயக்காரர், ரோட்டரி இன்ஜினை எங்கெல்லாம் நுழைக்க முடியுமோ அங்கெல்லாம் நுழைத்தார். மாஸ்டாவின் குட்டிக் கார் ஷான்டே ஒன்றில்கூட. ஆர்ஈ அமெமியா என்ற அவருடைய பட்டறை, 2006ல் சூப்பர் ஜிடி போட்டியின் ஜிடி300 பட்டத்தை ஆர்எக்ஸ்-7 வைத்தே வென்றது. தெருவிலிருந்து தேசியப் பட்டம்வரை போன பட்டறைகள் குறைவு.

கதையின் திருப்பம் மூன்றாம் தலைமுறையில், எஃப்டி என்று ஆர்வலர்கள் அழைக்கும் காரில் வந்தது. 1991 ஜூனில் மாஸ்டாவின் 787பி, நான்கு ரோட்டரோடு லெ மான் பந்தயத்தை வென்றது. அந்த டிசம்பரிலேயே எஃப்டி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. எடை சுமார் 1,250 கிலோ, திறன் 255, ஒன்றன்பின் ஒன்றாக விழிக்கும் இரண்டு டர்போக்கள். சுமார் 4,500 சுற்றுக்குப் பிறகு இரண்டாவது டர்போ சேரும். இந்த மாற்றத்தை நடத்தியது வால்வுகளும் சொலினாய்டுகளும் ஏராளமான வேக்குவம் குழாய்களும். இன்ஜினின் வெப்பத்தில் ரப்பர் காய்ந்து விறைத்து ஒன்று வெடித்தாலும் போதும், காரின் பாதித் தெம்பு காணாமல் போய்விடும். எது வெடித்தது என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும்.

பழைய பழக்கத்தில் எஃப்டி வாங்கியவர்களும் சைலன்சரில்தான் கை வைத்தார்கள். டர்போவுக்கு அடுத்து இருந்த முன் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டார்கள். பின்சைலன்சரையும் காற்று வடிகட்டியையும் அகலப்படுத்தினார்கள். கார் பாய்ந்தது. ஆனால் புகை எதிர்ப்பில்லாமல் வெளியேறியதும் டர்போ வேகமெடுத்தது. உபரி வாயுவை விலக்கிவிட வேண்டிய வேஸ்ட்கேட் சிறியது, அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. கம்பெனி வைத்த பத்து பிஎஸ்ஐ அழுத்தம் தன்னிஷ்டத்துக்கு ஏறியது. பெட்ரோல் செலுத்தும் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. காற்று கூடி, பெட்ரோல் போதாமல், கலவை தவறான நேரத்தில் வெடித்தது. எஃப்டியின் ஏபெக்ஸ் சீல் தடிமன் 2 மில்லிமீட்டர். அந்த இன்ஜின்களின் முன்னோர்களுக்கு 3 மில்லிமீட்டர். பிஸ்டன் இன்ஜின் சில தட்டுதல்களைத் தாங்கிக்கொள்ளும். இங்கே ஒரே தட்டில் சீல் உடைந்து, துண்டு டர்போவழியாக வெளியேறும். இருபத்தைந்தாயிரம் மைல்கூட ஓடாமல் இன்ஜின் மாற்றியவர்களின் புலம்பல் கார்களின் பெயரையே கெடுத்தது. குற்றம் முழுக்க இன்ஜினுடையது அல்ல; பாதிக் குற்றம் சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்த கைகளுடையது.

அனுபவம் பட்டியலைத் தலைகீழாக்கியது. இப்போது எஃப்டிக்காரர் முதலில் வாங்குவது பூஸ்ட் மீட்டர். அடுத்து, ரேடியேட்டர் தண்ணீரிலிருந்து காற்றைப் பிரிக்கும் சின்ன பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிப்போட்டு அலுமினியத்தில் ஒன்று. அந்தத் தொட்டி விளிம்பில் விரிசல் விட்டால், தண்ணீர் வடிந்து, இன்ஜின் சூடேறி, சுற்றியிருக்கும் தண்ணீர் சீல் உருகும். சில நூறு ரூபாய் மதிப்புள்ள பிளாஸ்டிக், இன்ஜினையே பலிவாங்கிய கதை ஏராளம். பிறகு கனமான அலுமினிய ரேடியேட்டர், சிலிக்கான் வேக்குவம் குழாய்கள். இதெல்லாம் முடிந்த பிறகே சைலன்சர். அதோடு சேர்த்தே, பெட்ரோல் அளவைத் திருத்தி எழுதும் ஏபெக்ஸியின் பவர் எஃப்சி போன்ற கம்ப்யூட்டர். ‘ரிலையபிலிட்டி மாட்ஸ்’ என்று ஒரு வகையே உருவானது. வேகத்துக்குச் செலவழிக்க வந்தவன், முதல் ஆண்டு முழுக்கக் கார் சாகாமலிருக்கச் செலவழித்தான்.

அதற்குள் கார் வேறுவிதமாகப் புகழடைந்துவிட்டது. 1995ல் தொடங்கிய ‘இனிஷியல் டி’ மங்காவில் தகாஹாஷி சகோதரர்களின் இரண்டு ஆர்எக்ஸ்-7கள். 2001ல் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ முதல் படத்தில் டாம் டொரெட்டோவின் சிவப்பு எஃப்டி. போர்ட்டோ ரிக்கோவில் டொயோட்டா ஸ்டார்லெட் போன்ற எடைகுறைந்த கார்களில் மாஸ்டாவின் 13பி ரோட்டரி இன்ஜினை இறக்கி டிராக் பந்தயம் நடத்தும் பட்டறைகள் பெருகின. நியூசிலாந்தில் மைக் விட்டெட் டிரிஃப்ட் பந்தயத்துக்கு ரோட்டரியையே அடையாளமாக்கிக்கொண்டார்.

ஆர்எக்ஸ்-7 உற்பத்தி 2002ல் நின்றது. மூன்று தலைமுறையும் சேர்ந்து 8,11,634 கார்கள். எஃப்டி அதில் 68,589 மட்டுமே. அவற்றில் கம்பெனியிலிருந்து வந்த நிலையிலேயே இருப்பவை அரிதாகிவிட்டதால், வெட்டாத, மாற்றாத காருக்கே இன்று விலை அதிகம். முன்பு கன்வெர்ட்டரைக் கழற்றிய பட்டறைகளுக்கு இப்போது அதே பழைய பாகத்தைத் தேடி மாட்டித் தரும் வேலையும் வருகிறது. 2020ன் இறுதியில் மாஸ்டாவே இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்களுக்கு நின்றுபோன சில பாகங்களை மறுபடி தயாரிப்பதாக அறிவித்தது.

பழைய ஆர்எக்ஸ்-7 வாங்க வருகிறவரும் மாறிவிட்டார். எத்தனை குதிரைத்திறன், என்ன டர்போ என்ற கேள்விகள் பிறகுதான். முதலில் கம்ப்ரஷன் அளந்த சீட்டைக் கேட்கிறார். சாதாரண மீட்டர் இதற்குப் பயன்படாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், மீட்டரோ அவற்றில் அதிகமான ஒன்றை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும். ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகப் பதியும் ரோட்டரி மீட்டரில் அளந்த ஆறு எண்கள் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். ஆறும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் பேரம் தொடங்கும். ஒரு ரோட்டரின் மூன்றில் இரண்டு சரிந்திருந்தால் ஓர் ஏபெக்ஸ் சீல் போய்விட்டது என்று அர்த்தம், ஏனென்றால் ஒரே சீல்தான் பக்கத்து முகங்கள் இரண்டுக்கும் காவல்.